கிரெடிட்டை ஏற்பார்கள், எங்கே வைப்பார்கள்?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது கட்டணம் குறைந்த உள்ளூர்க் கல்லூரியில், இரண்டு வருடம் படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிற ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் அலகு, 120 சேர்ந்தால் பட்டம். அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது: உங்கள் 64 கிரெடிட்டுகளையும் ஏற்றுக்கொண்டோம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பாதிப் பட்டம் முடிந்தது, இன்னும் இரண்டு வருடம்தான் என்று கணக்குப் போடுகிறார்கள். சில வாரம் கழித்து, பட்டத்துக்கான தேவைகளில் எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் 'டிகிரி ஆடிட்' என்ற பட்டியலைத் திறந்தால்தான் விஷயம் தெரிகிறது. 64-ல் 45 கிரெடிட் உரிய கட்டங்களில் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் 19-ம் 'ஃப்ரீ எலெக்டிவ்', அதாவது விருப்பப் பாடம், என்ற கடைசிக் கட்டத்தில் குவிந்து கிடக்கிறது. அந்தக் கட்டத்தில் இடமே ஆறு கிரெடிட்டுக்குத்தான். கல்லூரி பொய் சொல்லவில்லை. 64-ஐயும் ஏற்றது உண்மை. பட்டத்துக்கு உதவுவது 51 என்பதும் உண்மை.

சீக்கிரமாக, குறைந்த செலவில் அமெரிக்கப் பட்டம் வாங்க ஆயிரம் வழி சொல்கிறார்கள். அந்த வழிகள் பெரும்பாலும் பொய்யல்ல. ஆனால் எல்லாமே இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். ஏற்பது ஒரு கேள்வி. எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தருவது பெரும்பாலும் சேர்க்கை அலுவலகம், இரண்டாவதற்குத் துறை.

நம் ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் போய் உட்காருகிறார். அங்கே மாறுவது ஆண்டு. அரசு விதி ஒன்றுதான், எல்லோருக்கும் அதே கதவு. அமெரிக்காவில் ஆண்டு மாறுவதில்லை, பாடம் மாறுகிறது. மூட்டையாகக் கொண்டுபோனாலும் வாசலில் அவிழ்த்து ஒவ்வொன்றாக எடை போடுவார்கள்.

அந்த எடைக்கல்லின் கதை வேடிக்கையானது. 1905-ல் இரும்புத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க, முதலில் 'கல்லூரி' என்றால் எது என்று வரையறுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை நிர்வகித்த அறக்கட்டளை ஒரு விதி போட்டது: உயர்நிலைப் பள்ளியில் இத்தனை மணி நேரம் இத்தனை பாடம் படித்தவர்களை மட்டும் சேர்த்தால்தான் அது கல்லூரி. ஓய்வூதியம் யாருக்குக் கசக்கும்? கல்லூரிகள் வரிசையாக அந்த அளவுகோலுக்கு வந்து சேர்ந்தன. பள்ளிக்கு வந்த மணிக்கணக்கு கல்லூரிக்குள்ளும் ஊறிவிட்டது. இன்று ஒரு கிரெடிட் என்பது, சுமார் 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு மேல் இரண்டு மணி நேர சொந்தப் படிப்பு. ஒரு பாடம் பொதுவாக மூன்று கிரெடிட். நாற்பது பாடம் முடித்தால் 120, அதுதான் இளநிலைப் பட்டம். அளவு நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு கல்லூரி கொடுத்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரி வாங்கியே தீர வேண்டும் என்ற சட்டம் மத்திய அரசில் இல்லை. எல்லாக் கடையிலும் தராசு ஒன்று, சரக்கை வாங்குவதும் வாங்காததும் கடைக்காரர் இஷ்டம்.

மிச்சம் எவ்வளவு, ஓட்டை எங்கே

சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற வழியை முதலில் பார்ப்போம். 2024-25-ல் பொதுக் கம்யூனிட்டி காலேஜில் அந்தப் பகுதி மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,050 டாலர். அந்த மாநிலத்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் 11,610. தனியார் நான்காண்டுக் கல்லூரியில் 43,350. இது கட்டணம் மட்டும்தான். தங்கும் செலவும் சாப்பாடும் தனி. நான்கு வருடமும் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் 46,440. முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், அடுத்த இரண்டு பல்கலைக்கழகம் என்றால் 31,320. மிச்சம் 15,120 டாலர். வீட்டிலிருந்தே போய்வந்தால் இன்னும் கூடுதல்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த மாணவியிடம் திரும்புவோம். அவள் இழந்தது 13 கிரெடிட், ஏறக்குறைய ஒரு செமஸ்டர். பல்கலைக்கழகத்தில் கூடுதலாக ஒரு செமஸ்டர் என்றால் 5,805 டாலர். மிச்சம் பிடித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே கரைந்தது. வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆறு மாதச் சம்பளம் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அவள் விதிவிலக்கு அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அமைப்பு 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 சதவீதத்தை இழந்ததாக அது மதிப்பிட்டது. அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்களின் இழப்பு 37 சதவீதம். லாப நோக்கில் நடக்கும் தனியார் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு 94 சதவீதம். ஏறக்குறைய எல்லாமே போச்சு. கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இளநிலைப் பட்டம் வாங்கும் எண்ணத்தோடுதான் சேர்கிறார்கள். ஆறு வருடத்தில் அதை வாங்கி முடிப்பவர்கள் சுமார் 16 சதவீதம். இதற்குப் பணம், குடும்பம், வேலை என்று பல காரணம் உண்டு. கிரெடிட் இழப்பும் அதில் ஒன்று.

ஏன் இழக்கிறார்கள்? எனக்குத் தெரிந்தவரை மோசடியோ அலட்சியமோ மட்டும் காரணம் அல்ல. பாடங்களுக்கு மட்டம் இருக்கிறது. 100, 200 என்று தொடங்கும் எண் கொண்டவை கீழ்நிலைப் பாடங்கள், 300, 400 மேல்நிலை. கம்யூனிட்டி காலேஜில் பொதுவாகக் கீழ்நிலைப் பாடங்கள்தான் உண்டு. பட்டத்துக்கோ குறிப்பிட்ட அளவு மேல்நிலைப் பாடம் கட்டாயம். ஆகவே கட்டணம் குறைவு என்று அங்கேயே மூன்று வருடம் படித்து 90 கிரெடிட் சேர்த்தாலும் மூன்றாவது வருடம் பெரும்பாலும் வீண். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வரும் கீழ்நிலை யூனிட்டுகளில் (அங்கே கிரெடிட்டுக்கு அதுதான் பெயர்) 70-க்கு மேல் பட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது மேஜர், அதாவது பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட முதன்மைப் பாடம். கல்லூரி அல்ஜீப்ரா மூன்று கிரெடிட் பாடம். வரலாறு படிக்கிறவருக்கு அது கணிதத் தேவையை முடித்துவைக்கும். பொறியியல் படிக்கிறவருக்குக் கால்குலஸ்தான் தொடக்கம். அல்ஜீப்ராவுக்கு அங்கே நாற்காலியே கிடையாது. பாடம் அதேதான், மதிப்பெண்ணும் அதேதான், மதிப்பு மட்டும் வேறு. கடைசியில் 'ரெசிடென்சி' விதி. பட்டத்தில் எங்கள் பெயர் வர வேண்டுமானால் குறைந்தது 30 கிரெடிட்டாவது எங்களிடம் படி என்று பல கல்லூரிகள் சொல்லும். 'சி'-க்குக் கீழான கிரேடுகளைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிரெடிட் மாறினாலும் கிரேடு பொதுவாக மாறாது. புது இடத்தில் சராசரி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் செமஸ்டரில் தடுமாறியவருக்கு அது வரம், நாலுக்கு நாலு வாங்கியவருக்கு எரிச்சல்.

சில மாநிலங்கள் இந்த ஓட்டையை அடைக்க உழைத்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான பாட எண் முறை இருக்கிறது. ஒரே எண் என்றால் ஒரே பாடம், வாதமே கிடையாது. கலிஃபோர்னியாவில் 2010-ல் வந்த சட்டப்படி, கம்யூனிட்டி காலேஜ்களில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே வடிவமைத்த இரண்டாண்டு அசோசியேட் பட்டம் உண்டு. அதை முடித்தவருக்குக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, அங்கே அதே துறையில் இன்னும் 60 யூனிட்டில் பட்டம். 'ஏதாவது ஒரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சான் ஹோசேயில் வீடு இருக்கிறது என்பதற்காக சான் ஹோசே வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிடாது.

வகுப்பே போகாமல்

வகுப்பில் உட்காராமல் கிரெடிட் வாங்கும் வழக்கம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் அரசுச் செலவில் படிக்க வந்தபோது, ராணுவத்தில் ரேடியோவும் இயந்திரமும் கற்ற ஒருவரை மறுபடி அரிச்சுவடியில் உட்கார வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கக் கல்விக் கவுன்சில், சுருக்கமாக ஏ.சி.இ., ராணுவப் பயிற்சிகளைப் பரிசீலித்து இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கியது. பிற்பாடு தனியார் நிறுவனப் பயிற்சிகளும் ஆன்லைன் பாடங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மாதம் 99 டாலர் கட்டினால் வேகத்துக்கு ஏற்ப முடித்துக்கொண்டே போகலாம் என்று சோஃபியா என்ற நிறுவனம் விற்பது இந்த வகைப் பாடங்களைத்தான். விளம்பரத்தில் 'ஏ.சி.இ. பரிந்துரை பெற்றது' என்று இருக்கும். பரிந்துரை என்பது பரிந்துரைதான். கல்லூரி ஏற்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்தது தேர்வு வழி, கல்லூரிகளின் ஏற்பு அதற்கு இதைவிட அதிகம். 1967 முதல் நடக்கும் கிளெப் தேர்வுகளில் இப்போது 34 பாடங்கள் உள்ளன. சுமார் ஒன்றரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். மதிப்பெண் 20-லிருந்து 80 வரை, 50 எடுத்தால் தரலாம் என்பது ஏ.சி.இ.யின் பரிந்துரை. ஒரு தேர்வுக்கு நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு, தேர்வு மையக் கட்டணம் தனி. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளையின் இலவசப் பாடத்தை முடித்தால் அந்தத் தேர்வுக் கட்டணத்தையும் அவர்களே கட்டிவிடுகிறார்கள். மூன்று கிரெடிட் ஏறக்குறைய பைசா செலவில்லாமல் கிடைப்பது உண்மையாகவே நடக்கிற காரியம். மொழித் தேர்வுகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டும்தான். தமிழ் தெரிந்தவருக்கு அங்கே பலன் ஒன்றும் இல்லை.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி மட்டத்து ஏ.பி. தேர்வுகளை நம் வீட்டுப் பிள்ளைகள் எட்டு, பத்து என்று அடுக்குகிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் போனால் அதில் ஒரு வருடம் வரைகூடக் கழியலாம். கனவுக் கல்லூரி வேறாக இருந்தால் கணக்கு வேறு. டார்ட்மவுத் கல்லூரி, 2018-ல் முடித்த வகுப்பிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. மேல்மட்டத் தனியார் கல்லூரிகள் பலவற்றில், ஏ.பி. உள்ளே நுழைய உதவும், சீக்கிரம் வெளியே வர உதவாது.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிளெப் தேர்வில் முதல் கல்லூரி ஆறு கிரெடிட் கொடுத்து டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், ஏற்றிவிடும். அங்கிருந்து இரண்டாவது கல்லூரிக்கு மாறும்போது அந்த ஆறும் கூடவே வரும் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் வராது. இரண்டாவது கல்லூரி மூல மதிப்பெண்ணைக் கேட்டுத் தன் விதிப்படி மறுபடி பார்க்கும். முதலாவது 50-க்குக் கொடுத்திருக்கலாம், இரண்டாவது 60 கேட்கலாம், அல்லது அந்தத் தேர்வையே ஏற்காமல் போகலாம்.

மூன்று விசித்திரக் கல்லூரிகள்

இந்த உலகத்தில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது மூன்று பெயர்களில். 1971-ல் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் வெளிப்பட்டத் திட்டம் ஒன்றை, அதாவது வளாகத்துக்கு வராமலே பட்டம் பெறும் ஏற்பாட்டை, தொடங்கியது. இன்றைய எக்ஸெல்சியர் பல்கலைக்கழகம் அதுதான். அடுத்த ஆண்டே நியூஜெர்சியில் தாமஸ் எடிசன் கல்லூரி வந்தது. பள்ளிக்கூடம் சரியாகப் போகாத ஒருவரின் பெயரை ஒரு கல்லூரிக்கு வைத்தது பொருத்தம்தான். 1973-ல் கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக். மூன்றுமே அங்கீகாரம் பெற்றவை. மூன்றுமே வேலை செய்துகொண்டிருக்கும் பெரியவர்களுக்காக, நீ எங்கே கற்றாய் என்பதைவிட என்ன கற்றாய் என்று கேட்கப் பிறந்தவை. மற்ற கல்லூரிகள் 30 கிரெடிட்டைத் தங்களிடம் படிக்கச் சொன்னால், இவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பாடங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். எக்ஸெல்சியர் 113 கிரெடிட் வரை வெளியிலிருந்து ஏற்கிறது. இருபது வருடத்தில் நாலு கல்லூரியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து எதையும் முடிக்காதவருக்கு இது மறுபிறவி மாதிரி.

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தின் உத்தி வேறு. 1997-ல் 19 மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து உருவாக்கியது. பாடத்துக்கு இவ்வளவு என்று வாங்காமல் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அந்த ஆறு மாதத்தில் நாலு பாடம் முடித்தாலும் பதினாலு முடித்தாலும் அதே பணம்தான். ஏற்கனவே ஐ.டி.யில் பத்து வருடம் வேலை பார்த்தவர் அங்கே பாய்ந்துபோவார். பள்ளி முடித்து நேரே வருகிற பதினெட்டு வயதுக்காரர் பெரும்பாலும் பாய மாட்டார். என் கருத்தைக் கேட்டால், முப்பத்தைந்து வயதில் பதவி உயர்வுக்குப் பட்டம் ஒன்று தேவை, அறிவு ஏற்கனவே இருக்கிறது என்பவருக்கு இந்த வழிகள் அருமையானவை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை வருடத்தில் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிற பெற்றோரைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஆய்வகம், இன்டர்ன்ஷிப், பரிந்துரைக் கடிதம் எழுதும் அளவுக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர், இவை எதுவும் டிரான்ஸ்கிரிப்டில் மாற்றிக் கொண்டுவரக் கூடியவை அல்ல. மருத்துவக் கல்லூரி நினைப்பு இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அடிப்படை அறிவியல் பாடங்களைத் தேர்வு எழுதித் தாண்டியதைச் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை.

குறைந்த வருமானக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இந்தப் பேச்சில் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. மத்திய அரசின் பெல் மானியம் 2024-25-ல் அதிகபட்சம் 7,395 டாலர். முழு மானியம் கிடைப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் சராசரியாக அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது, புத்தகத்துக்கும் மிஞ்சும். மாதச் சந்தா ஆன்லைன் பாடங்களுக்கும் கிளெப் தேர்வுக்கும் அந்த மானியம் செல்லாது. பார்க்க மலிவானது கையிலிருந்து காசு போகிற வழியாகவும், பார்க்க விலை கூடியது இலவசமாகவும் முடியலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு

மூன்று வருட பி.எஸ்சி.யோ பி.காமோ முடித்து அமெரிக்கா வந்தவர்களுக்கு, குறிப்பாகக் கணவரின் எச்-1பி விசாவை ஒட்டி எச்-4-ல் வந்த பெண்களுக்கு, கிரெடிட் மாற்றும் இந்த வழி நேரடியாகப் பொருந்தும். எச்-4-ல் வேலைக்குத்தான் தனி அனுமதி வேண்டும், படிக்க வேண்டாம். இந்திய மார்க் ஷீட்டை அப்படியே நீட்டினால் பெரும்பாலான கல்லூரிகள் பார்க்காது. மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று அதைப் பாடம் பாடமாக அமெரிக்க அளவில் மாற்றித் தர வேண்டும். மூன்று வருடப் பட்டம் பல நேரம் 90 கிரெடிட்டை ஒட்டி வரும். பார்க்க முக்கால் பட்டம். ஆனால் வேதியியலில் 60 கிரெடிட் வைத்திருப்பவர் கணக்கியல் பட்டத்துக்குப் போனால் அதே 'ஃப்ரீ எலெக்டிவ்' கட்டம் காத்திருக்கும். பி.காம். முடித்து சி.பி.ஏ. என்ற அமெரிக்கக் கணக்காளர் உரிமத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு நிலைமை மேல். உரிமத்துக்கு 150 கிரெடிட் என்ற விதியே நெடுங்காலமாக இருந்துவருகிறது, பல மாநிலங்கள் இப்போது மாற்றுவழி திறக்கின்றன. அந்த விடுபட்ட கிரெடிட்டுகளை நிரப்பக் கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் போதுமா என்பதை அந்தந்த மாநில வாரியத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. ஒரு செமஸ்டரில் முழுநேரக் கணக்குக்கு ஓர் ஆன்லைன் பாடம், அதாவது மூன்று கிரெடிட், மட்டுமே சேரும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் கல்லூரியைக் காட்டி அந்த விசா வாங்க முடியாது. மதுரையில் இருந்தபடியே அமெரிக்க ஆன்லைன் பட்டம் முடிக்க நினைப்பவர், அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சமநிலைச் சான்று இந்தியாவில் கிடைக்குமா என்று பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

ஆக, வழி எதுவானாலும் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் தரப்போகும் கல்லூரி எது, மேஜர் எது என்று முடிவு செய்து, அந்தக் கல்லூரியின் பாடப் பட்டியலை அச்செடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே எந்தப் பாடம், எந்தத் தேர்வு அங்கே உட்காரும் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நிறைய கல்லூரிகள் எந்தப் பாடம் எதற்குச் சமம் என்ற பட்டியலை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்ற தளத்திலேயே பார்க்கலாம். அங்கே இல்லாததை மின்னஞ்சலில் கேளுங்கள். கேள்வியில் 'இதை ஏற்பீர்களா' என்று இருக்கக் கூடாது. 'இந்த மேஜரில் எந்தத் தேவைக்கு இது ஈடாகும்' என்று இருக்க வேண்டும். போனில் அட்வைசர் சொன்னது அடுத்த வருடம் அவர் வேறு வேலைக்குப் போனதும் காற்றில் போய்விடும், எழுத்தில் வந்தது நிற்கும்.

படித்த பாடங்களின் சிலபஸை எறிந்துவிடாதீர்கள். எலெக்டிவ் கட்டத்தில் போட்ட பாடத்தை மேஜருக்கு மாற்றச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம், அப்போது துறைத் தலைவர் கேட்கும் முதல் காகிதம் அதுதான். வாரம் வாரமாக என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்று பார்ப்பார். தமிழ்நாட்டில் படித்தவர்கள் இதை ஊரில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்டும், நீங்கள் படித்த வருடத்து சிலபஸின் சான்றிட்ட நகலும் வாங்க, அப்பாவையோ தம்பியையோ எத்தனை தடவை அலைய வைக்க வேண்டியிருக்கும் என்பது நியூஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு முயன்றவர்களுக்குத் தெரியும்.